முந்தி அனுப்பினால் முந்தி இடமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இரண்டு சேர்க்கை முறைகள்

உங்கள் மகள் பிளஸ் டூ படிக்கிறார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் படிப்பில் சேர விரும்புகிறார். நீங்கள் குறித்து வைத்திருக்கும் ஏழு பல்கலைக்கழகங்களில் ஐந்து ஜனவரி முதல் வாரத்தைக் கடைசித் தேதியாக அறிவித்திருக்க, இரண்டு மட்டும் 'ரோலிங் அட்மிஷன்', அதாவது விண்ணப்பம் வர வர முடிவு சொல்லும் முறை, என்று சொல்கின்றன. கடைசித் தேதி நெருக்காத அந்த இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருப்பதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. முதலில் அனுப்ப வேண்டியவை அந்த இரண்டும்தான். இரண்டு முறைகளிலும் பல்கலைக்கழகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டால் இதற்கான காரணம் தானாகவே விளங்கும் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், இணையப் பதிவு திறந்த முதல் நாளே விண்ணப்பித்தவருக்கும் மூடும் நாள் இரவில் விண்ணப்பித்தவருக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்ட கட்-ஆஃப் மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இருவர் எல்லா வகையிலும் சமமாக நின்றால்கூட, யார் முந்திப் பதிவு செய்தார் என்று பார்ப்பதில்லை. கணினி ஒதுக்கிய சமவாய்ப்பு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். கதவு அடைக்கும்முன் உள்ளே வந்துவிட்டவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் சமமாக நிற்கும் இந்த ஏற்பாட்டிலேயே பழகிய நாம், அதே எண்ணத்தோடு ரோலிங் அட்மிஷனை அணுகும்போது தவறு செய்கிறோம். அங்கே கூடம் இல்லை. வரிசை மட்டுமே இருக்கிறது.

நிலையான கடைசித் தேதி உள்ள முறைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கலிபோர்னியா பல்கலைக்கழகம். இளநிலைக் கல்வி தரும் அதன் ஒன்பது வளாகங்களுக்கும் ஒரே விண்ணப்பம்தான். விண்ணப்பப் படிவம் ஆகஸ்டிலேயே திறந்துவிட்டாலும், அதைச் சமர்ப்பிக்கும் காலம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் இறுதியை ஒட்டி முடிகிறது. அந்தக் காலத்துக்குள் எந்த நாளில் அனுப்பினாலும் ஒன்றுதான். எல்லா விண்ணப்பங்களும் சேர்ந்த பிறகு படித்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, மார்ச் முடிவதற்குள் முடிவுகளை வெளியிடுகிறார்கள். ஹார்வர்டு, யேல் போன்ற புகழ்பெற்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களின் வழக்கமான சுற்றும் ஏறத்தாழ இப்படியே அமைந்தது: ஜனவரி தொடக்கத்தில் கடைசித் தேதி, மார்ச் இறுதியில் முடிவு, மே 1-க்குள் மாணவரின் பதில்.

ரோலிங் முறையில் விண்ணப்பம் வர வர எடுத்துப் படிக்கிறார்கள். படித்து முடித்த சில வாரங்களில் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். இடங்கள் நிறையும்வரை இது தொடர்கிறது. பிட்ஸ்பர்க், மிச்சிகன் ஸ்டேட், பென் ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் போன்ற பெரிய அரசுசார் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக இம்முறையோடு சேர்த்துப் பேசப்படுபவை. அவற்றுள் சில இப்போது நவம்பர் தொடக்கத்தில் ஒரு முன்னுரிமைத் தேதியையும் சேர்த்து வைத்திருக்கின்றன. செப்டம்பரில் ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்குப் பிப்ரவரியில் யார் யார் விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்பது தெரியாது. ஆகவே எதிரில் இருக்கும் மாணவரை அவர் இன்னொரு மாணவரோடு ஒப்பிடுவதில்லை. சென்ற ஆண்டுகளின் அனுபவத்தை வைத்துத் தம் மனத்தில் வரைந்திருக்கும் ஒரு கோட்டோடு ஒப்பிடுகிறார். அந்தக் கோட்டைத் தாண்டினால் இடம். தாண்டாவிட்டால் மறுப்பு, அல்லது பிறகு பார்ப்போம் என்ற ஒத்திவைப்பு. இடங்கள் குறையக் குறையக் கோடு மேலே ஏறும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக விண்ணப்பங்கள் வந்தால் சில ஆண்டுகளில் கீழே இறங்கவும் கூடும். ஆனால் கணினி அறிவியல், செவிலியம் போல இடம் குறைவாகவும் தேவை அதிகமாகவும் உள்ள படிப்புகளில் கோடு இறங்குவது அரிது.

இதன் உள்ளே ஒரு பழைய கணிதச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக வரும் வேட்பாளர்களில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேண்டாம் என்று அனுப்பியவரைத் திரும்ப அழைக்க முடியாது என்று வைத்துக்கொண்டால், என்ன செய்வது சிறந்தது? முதல் 37 விழுக்காட்டினரைப் பார்த்து மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பிறகு அவர்கள் எல்லாரையும் விடச் சிறந்தவராக வரும் முதல் நபரைத் தேர்ந்தெடுப்பதே சிறந்த உத்தி. அப்படிச் செய்தாலும் உண்மையிலேயே மிகச் சிறந்தவர் அகப்படும் வாய்ப்பு அதே 37 விழுக்காடுதான். பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கான இடங்களும் பல ஆண்டுத் தரவும் இருப்பதால் அதன் நிலை இவ்வளவு மோசமில்லை. ஆயினும் வரப்போகிறவரைக் காணாமல் வந்தவரை முடிவுசெய்வதில் உள்ள இடர் அதே வகையைச் சேர்ந்தது. எல்லாரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறையில் அந்த இடர் இல்லை. ரோலிங் முறை அதை நீக்கிவிடுவதும் இல்லை. அதில் ஒரு பகுதியைப் பிந்தி விண்ணப்பிக்கும் மாணவரின் தோளுக்கு மாற்றிவிடுகிறது.

ரோலிங் என்றால் கடைசித் தேதி இல்லை என்ற எண்ணம் இதனால்தான் பொய்த்துப்போகிறது. ஏப்ரலிலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு பல்கலைக்கழகத்தில், நீங்கள் கேட்கும் துறை ஜனவரியிலேயே நிறைந்திருக்கலாம். தகுதி அடிப்படையிலான உதவித்தொகைக்கும், சிறந்த மாணவர்களுக்கான ஆனர்ஸ் திட்டத்துக்கும் பெரும்பாலும் தனித் தேதிகள் உண்டு. விடுதி அறை ஒதுக்கீடு பல இடங்களில் பதிவு செய்த வரிசையிலேயே நடக்கிறது. கடைசித் தேதி உண்மையில் பலவாகப் பிரிந்து, பக்கம் பக்கமாகத் தேடினால்தான் கண்ணில் படும்படி சிதறிக் கிடக்கிறது. தேதி கண்ணெதிரே அச்சாகியிருப்பதைவிட இது மாணவருக்குக் கடினமானது என்பது என் உறுதியான கருத்து.

யாருக்குக் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் மாதத்திலேயே கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண், வங்கிச் சான்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருப்பவர் எத்தகைய மாணவர்? பள்ளியில் இதற்கென்றே ஆலோசகர் இருப்பவர். அண்ணனோ அக்காவோ முன்பே அமெரிக்காவுக்குச் சென்றிருப்பவர். தேர்வுக் கட்டணத்தைப் பற்றி யோசிக்காமல் இரண்டு முறை எழுத முடிந்தவர். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, இப்படி ஒரு முறை இருக்கிறது என்ற செய்தியே நவம்பரில்தான் எட்டும். பந்திக்கு முந்துவதற்கு முதலில் பந்தி எப்போது போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா?

முந்துவோருக்குக் கிடைக்கும் இந்த நன்மையைப் பல்கலைக்கழகங்களும் அறிந்தே இருக்கின்றன. ரோலிங் முறையைச் சேர்ந்ததாக இல்லாவிட்டாலும், இதே நியாயக் கேள்வியை எழுப்பிய முன்கூட்டிய சேர்க்கைத் திட்டத்தை (வழக்கமான சுற்றுக்கு முன்பே விண்ணப்பித்து முன்பே முடிவு பெறுவது), அது வசதியுள்ளவர்களுக்கே சாதகமாகிறது என்று சொல்லி 2006-இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் கைவிட்டன. வர்ஜீனியா பல்கலைக்கழகம் தவிரப் போட்டியாளர்களில் பெரும்பாலோர் பின்தொடராததால், நல்ல மாணவர்கள் வேறிடங்களில் முன்னதாகவே உறுதியாகிவிட, 2011-இல் இரண்டும் அதை மீண்டும் கொண்டுவந்தன. ஒரு நிறுவனம் தனியாக நின்று காலத்தைப் பிந்தி வைத்தால் அது இழக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஒரே நாளை ஏற்றுக்கொண்டால் யாரும் இழப்பதில்லை.

இதைப் பாடப்புத்தகம் போலக் காட்டும் வரலாறு ஒன்று அமெரிக்க மருத்துவத் துறையில் உண்டு. மருத்துவப் படிப்பை முடிப்பவர்களைப் பயிற்சி மருத்துவர்களாக எடுக்க மருத்துவமனைகளுக்கிடையே போட்டி மிகுந்தபோது, ஒவ்வொன்றும் மற்றதைவிடச் சற்று முன்னதாக இடத்தைக் கொடுக்கத் தொடங்கியது. இந்த முந்தல் வளர்ந்து, 1940-களின் நடுவில் மாணவர் பட்டம் பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நியமனம் முடிந்துவிடும் நிலை வந்தது. அந்த வயதில் அவர் எப்படிப்பட்ட மருத்துவர் ஆவார் என்பதை மருத்துவமனையும் அறியாது. தமக்கு எந்தப் பிரிவு பிடிக்கும் என்பதை அவரும் அறியார். 1945-இல் மருத்துவக் கல்லூரிகள் ஒன்றுகூடி, ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் மதிப்பெண் பட்டியலையோ பரிந்துரைக் கடிதத்தையோ யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தன. முந்தல் நின்றது; ஆனால் நெருக்கடி வேறு வடிவம் எடுத்தது. தொடக்கத்தில் மாணவர் பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் இருந்தது. முதல் விருப்பமான மருத்துவமனையின் காத்திருப்பில் இருந்தவர் கடைசி நிமிடம்வரை மற்ற இடத்துக்குப் பதில் சொல்லாமல் இழுக்க, மருத்துவமனைகள் அவகாசத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தன. 1949-இல் பன்னிரண்டு மணி நேரம்கூட அதிகம் என்று பேசும் அளவுக்கு வந்துவிட்டது. 1952-இல் இரு தரப்பின் விருப்ப வரிசைகளையும் ஓரிடத்தில் சேர்த்து ஒரே நாளில் பொருத்தும் ஏற்பாடு வந்த பிறகே அந்த அலைக்கழிப்பு ஓய்ந்தது. இன்றும் மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமையில் அந்த முடிவுகள் வெளியாகின்றன. இத்தகைய பொருத்தலின் கணிதத்தை டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையையே உதாரணமாகக் கொண்டு எழுதினார்கள்; ஷாப்லிக்கும், மருத்துவர் நியமன வரலாற்றை ஆராய்ந்த ஆல்வின் ரோத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

விண்ணப்பத்துக்கு ஒரு கடைசித் தேதி இருந்தால் மட்டும் போதாது, பதில் சொல்லும் நாளும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பிரான்ஸ் நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கே 2018-இல் தொடங்கிய பார்க்கூர்சூப் என்ற தேசியக் கல்லூரிச் சேர்க்கை இணையத்தளத்தில் விருப்பங்களைப் பதிவு செய்ய மார்ச் மாதத்தில் கண்டிப்பான கடைசித் தேதி உண்டு. ஆனால் பதிவின்போது விருப்பங்களை வரிசைப்படுத்தச் சொல்வதில்லை. முடிவுகள் ஒரே நாளில் முடிந்துவிடுவதும் இல்லை. ஒருவர் ஓர் இடத்தை விட்டுக்கொடுக்க, அது காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போக, அவர் தம் கையிலிருந்த இன்னொன்றை விட என்று நாள்தோறும் நகர்கிறது. அந்த முதல் ஆண்டில், மே 22 அன்று முடிவுகள் வந்தபோது எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கையில் ஓர் இடமும் இல்லாமல் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது. அவர்களில் மிகப் பலருக்குப் பின்னர் இடம் கிடைத்தது உண்மைதான். ஆனால் தினமும் காலையில் பட்டியலில் தம் எண் எத்தனை படி முன்னேறியது என்று பார்த்தபடி பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு கோடையைக் கழித்ததைச் சிறிய விஷயமாக என்னால் எண்ண முடியவில்லை.

பிரிட்டனின் ஏற்பாடு எனக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றுகிறது. அங்கே யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியாக ஐந்து இடங்கள்வரை விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15. ஏனைய பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு ஜனவரியில் ஒரு நாள். அந்த ஜனவரி நாளின் பெயரே கவனிக்கத்தக்கது: சம பரிசீலனை நாள். விண்ணப்பம் வர வர இடம் கொடுக்கத் தொடங்கப் பல்கலைக்கழகத்துக்குத் தடையில்லை. ஆனால் அந்த நாள்வரை வந்த ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சமமாகப் பரிசீலிக்கும் கடமை அதற்கு இருப்பதால், முந்தியவர்களுக்கே எல்லா இடங்களையும் கொடுத்துவிட முடியாது. லண்டன் பொருளியல் பள்ளி போன்ற சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி போய், ஐயமுள்ள விண்ணப்பங்களைக் கடைசித் தேதி கடந்து எல்லாம் சேரும்வரை நிறுத்திவைத்து ஒப்பிடுகின்றன. ஜனவரிக்குப் பிறகு வருபவற்றை இடம் இருந்தால் பார்க்கிறார்கள்; ஜூன் 30-க்குப் பிறகு வருபவை கிளியரிங் என்ற மீதி இடங்களை நிரப்பும் சுற்றுக்குப் போகின்றன. நியாயம் தேவைப்படும் காலத்தில் நிலையான தேதியும், இடம் வீணாகாமல் இருக்க வேண்டிய காலத்தில் ரோலிங்கும் என்று இரண்டையும் அததற்குரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ரோலிங் முறையை நான் முற்றாகத் தள்ளுவதாக எண்ண வேண்டாம். அக்டோபரிலோ நவம்பரிலோ ஓர் இடம் கைக்கு வந்துவிட்ட பிள்ளை, மீதி விண்ணப்பங்களைப் பதற்றமின்றி எழுதுகிறாள். அந்த ஓர் ஏற்பு, எதற்கும் இருக்கட்டும் என்று பெற்றோர் சேர்க்கும் நான்கைந்து விண்ணப்பங்களையும் அவற்றின் கட்டணத்தையும் மிச்சப்படுத்துகிறது. குடும்பத்தில் நோய் வந்தோ, திட்டம் மாறியோ பிப்ரவரியில்தான் முடிவெடுக்க முடிந்தவருக்கும் ஒரு கதவாவது திறந்திருக்கிறது. பல்லாயிரம் விண்ணப்பங்களை ஆறு மாதத்துக்குப் பரப்பிப் படிக்கும் அலுவலகம், ஆறு வாரத்தில் படித்துத் தள்ளும் அலுவலகத்தைவிட ஒவ்வொன்றுக்கும் கூடுதல் நேரம் கொடுக்க முடியும் என்பதும் உண்மை. மேலும், ரோலிங் என்று பெயர் இருந்தாலே முந்தியவருக்குச் சலுகை என்று முடிவுகட்டவும் கூடாது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ரோலிங் முறையில் நடக்க, யேல் சட்டக் கல்லூரி, தான் குறித்த காலத்துக்குள் எப்போது விண்ணப்பித்தாலும் வாய்ப்பு மாறாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தில் இதற்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்று படிப்பதே முதல் வேலை. தெளிவில்லாவிட்டால் மின்னஞ்சலில் நேராகக் கேட்டுவிடலாம்.

இனி உங்கள் மகளின் நிலைக்கு வருகிறேன். பிளஸ் டூ முடிவு மே மாதத்தில்தான் வரும் என்பதால், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்பது முதல் பதினொன்று வரையிலான மதிப்பெண்களையும், பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணையும் கொண்டே முடிவெடுக்கும். அந்த மதிப்பெண்கள் நன்றாக இருந்தால் ரோலிங் இடங்கள் இரண்டுக்கும் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதிக்குள் அனுப்பிவிடுங்கள், ஆகஸ்ட் எஸ்.ஏ.டி. மதிப்பெண் அதற்குள் வந்திருக்கும். பரிந்துரைக் கடிதத்தைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே ஆசிரியர்களிடம் கேட்டுவிட வேண்டும். தேர்வுத்தாள் திருத்தும் வாரத்தில் கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு வரியில் எழுதித் தருவார்கள். பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் சரிந்து இப்போது தேறி வருகிறார் என்றால் கணக்கு மாறுகிறது. அரைகுறையான விண்ணப்பத்தை முதலில் அனுப்புவதால் ஒரு நன்மையும் இல்லை; கோட்டுக்குக் கீழே நிற்பவர் எந்த மாதத்தில் நின்றாலும் கீழேதான். அப்போது அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைச் சேர்த்து, இடங்கள் சற்றுக் குறைந்திருக்கும் என்பதை அறிந்தே, டிசம்பர் இறுதியில் அனுப்புவது மேல். ஜனவரித் தேதி உள்ள ஐந்துக்கும் இந்த அவசரம் வேண்டாம். கட்டுரைகளைத் திருத்த அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள். கடைசி இரவை மட்டும் நம்ப வேண்டாம்.

ரோலிங் இடத்திலிருந்து ஏற்பு வந்ததும் முன்பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அமெரிக்காவில் பொதுவான பதில் நாள் மே 1. 2024-இல் உள்நாட்டு மாணவர்களுக்கான உதவித்தொகைப் படிவத்தில் ஏற்பட்ட தாமதத்தால் பல கல்லூரிகள் அதைத் தள்ளிவைத்தன என்றாலும், வழக்கம் அதுவே. ஆனால் அந்த நாளைச் சுற்றியிருந்த வேலி இப்போது முன்போல உறுதியாக இல்லை. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று உறுதி கொடுக்கும் முன்கூட்டிய ஒப்பந்தச் சேர்க்கையில் வருவோருக்குத் தனிச் சலுகை தருவதையும், மே 1-க்குப் பிறகு வேறு கல்லூரியில் உறுதி செய்தவரை இழுப்பதையும் தடுத்த விதிகளை, அமெரிக்க நீதித்துறையின் போட்டிச் சட்ட விசாரணையை அடுத்து, சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2019-இல் நீக்கிவிட்டது. ஆகவே விடுதி அறைக்கோ, படிப்பில் இடத்தை உறுதி செய்யவோ முன்னதாகவே பணம் கேட்டால், மே 1-க்குள் விலகினால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டு கட்டுங்கள். பின்னாளில் உங்கள் மகள் எம்.எஸ். என்ற முதுநிலைப் பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ போகும்போது இதற்கு இணையான நாள் ஏப்ரல் 15. நிதியுதவியோடு வரும் இடத்துக்கு அதற்கு முன் பதில் சொல்லும் கட்டாயமில்லை என்று பெருவாரியான அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் கையொப்பமிட்டிருக்கின்றன.

விசாவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இடத்தை உறுதி செய்து நிதிச் சான்றுகளைக் கொடுத்த பிறகுதான், விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற படிவத்தைப் பல்கலைக்கழகம் அனுப்பும். அது வந்த பிறகே, வெளிநாட்டு மாணவர்களின் விவரத்தைப் பதியும் செவிஸ் அமைப்புக்கான கட்டணம் 350 டாலரைக் கட்டி நேர்காணல் நாளுக்குப் பதிவு செய்ய முடியும். எஃப்-1 என்ற மாணவர் விசாவைப் படிப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்னரே வழங்கலாம் என்று விதி இருப்பதால், ரோலிங் இடத்தையே இறுதியாகத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் சென்னைத் துணைத் தூதரகத்தில் கோடைக்கால நெரிசலுக்கு முன்பே வேலையை முடித்துவிடலாம். மற்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ஏப்ரலில் முடிவு தெரிந்து மே மாதத்தில் ஐ-20 கைக்கு வரும். வங்கிச் சான்றையும் கடவுச்சீட்டையும் மார்ச் மாதமே தயாராக வைத்திருந்தால் அந்த நேரமும் போதும்.